தூக்குவாளி போகும் பாதை

இத்தாலியின் சிசிலித் தீவில் கோர்லியோனே என்றொரு மலையூர். ஊரைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் போனால் ஆட்டுப்பாலில் பாலாடைக்கட்டி எடுக்கும் ஓர் இடையர் வீடு. 2006 ஏப்ரல் 11ஆம் தேதி காலை அந்த வீட்டுக் கதவு லேசாகத் திறந்தது. உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு, வெளியே நின்ற இடையரிடம் எதையோ வாங்கிக்கொண்டு மறைந்தது. தூரத்தில் கேமராவோடு காத்திருந்த போலீசுக்கு அது போதும். இடையர் வெளியே நிற்கும்போது உள்ளேயிருந்து வரும் கை யாருடையது? 1963இலிருந்து 43 வருஷம் தலைமறைவாக இருந்த மாஃபியா தலைவர் பெர்னார்தோ புரொவென்சானோ அப்படித்தான் அகப்பட்டார்.

போலீசை அந்தக் கதவுவரை கூட்டிப்போனது துவைத்து மடித்த துணி. கோர்லியோனேயில் அவர் மனைவி வீட்டிலிருந்து கிளம்பிய பை, வேண்டியவர்கள் கையில் மாறி மாறிப் போனது. எந்தக் கையும் முழுத்தூரம் நடக்கவில்லை. போலீஸ் அந்தப் பையை நடுவழியில் மறிக்கவும் இல்லை. மறித்திருந்தால் பைதான் மிஞ்சியிருக்கும். ஒரு கைமாற்றத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கைக்காகக் காத்திருந்தார்கள்.

நெல்லைச் சீமையை வைத்துத் தாதா வேட்டைப் படம் எழுத உட்காருகிற தம்பிகள் பெரும்பாலும் அருவாளில் ஆரம்பிக்கிறார்கள். ஈரடுக்கு மேம்பாலத்தில் ஒரு துரத்தல், வாழைத்தோப்பில் ஒரு வெட்டு, இடைவேளை. அருவாள் கொலையைக் காட்டும், வேட்டையைக் காட்டாது. மறைந்திருக்கிற ஆளுக்குத் தினம் சோறு போகவேண்டும். வாரத்துக்கு ஒருமுறை துணி போகவேண்டும். சேதி போய்வர வேண்டும். மேலுக்கு முடியாமல் போனால் மருந்து போகவேண்டும். இந்த நாலு கயிற்றில்தான் அவன் தொங்குகிறான். கதாநாயகன் பெயரை முடிவு செய்வதற்கு முன்னால், இந்த நாலுக்கும் யார் யார், எங்கிருந்து எங்கே, என்ன கிழமை, என்ன நேரம் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் எழுதின கதை பாதியில் நொண்டும். போலீஸ் எப்படிக் கண்டுபிடித்தது என்ற கேள்வி வரும்போது, யாரோ ஒருவன் காட்டிக்கொடுத்தான் என்று முடிக்க வேண்டியதாகிவிடும்.

சோற்றிலிருந்து தொடங்கலாம். தூக்குவாளிக்குள் என்ன இருந்தது என்பதே சமைத்த அடுப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடும். தேங்காய்ப்பால் விட்ட சொதி மத்தியானத்துக்கு மேல் தாங்காது, சித்திரை வெயிலில் அதற்கு முன்னாலேயே நுரை தட்டிவிடும். ஆள் தப்பிப்போன காவல் குடிசையில் கெடாத சொதியோடு ஒரு வாளி கிடந்தால், சமைத்தவர் பக்கத்து ஊர்தான். புளிக்குழம்பும் எள்ளுத் துவையலும் கருவாடும் என்றால் ஒருநாள் தள்ளிக்கூட இருக்கலாம். நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறிய புளியோதரை, அதைவிடத் தூரம். தயிர்சாதத்தில் பாலை நிறைய ஊற்றிப் பிசைந்து உறைமோரைக் கம்மியாக விட்டிருந்தால், சாப்பிடும் நேரத்துக்குத்தான் அது தயிராகும். ரயிலுக்குச் சோறு கட்டிய எந்த அம்மாவுக்கும் இது தெரியும். இதைத் தெரிந்த ஒரு பெண் எஸ்.ஐ.யோ, வீட்டில் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஓர் ஏட்டோ உங்கள் கதையில் இருந்தால், டவர் சிக்னலைவிட நம்பகமான துப்பு கையில் இருக்கிறது.

அளவும் பேசும். வயசான இரண்டு பேர் இருக்கிற வீட்டில் மாதம் பதினைந்து கிலோ அரிசிக்கு மேல் செலவாகாது. அது இருபத்தைந்தாகும்போது முதலில் கவனிப்பது பலசரக்குக் கடைக்காரர். விருந்தாளி வந்திருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும். விருந்தாளி இல்லாமல் அரிசி குறைகிறது என்றால் அந்த அரிசி வெளியே போகிறது.

வாளியின் அடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் சீர்ப் பாத்திரம், மொய்ப் பாத்திரம் எல்லாவற்றிலும் பேர் வெட்டிக் கொடுப்பது வழக்கம். பாத்திரக் கடையில் உட்கார்ந்து ஊசிமுனை இயந்திரத்தால் புள்ளி புள்ளியாகக் கொத்துவார்கள்: முதலெழுத்து, பேர், சில சமயம் தேதி. புழங்கிப் புழங்கி அந்தப் புள்ளிகளில் புளிக்கறை ஏறிக் கறுத்து, எழுத்து இன்னும் தெளிவாகத் தெரியும். தேய்த்தாலும் முழுசாகப் போகாது. எச்சரிக்கையான கூட்டாளி பேர் இல்லாத புது வாளி வாங்கித் தருவான். என்றைக்காவது ஒருநாள் அந்த வாளி கழுவாமல் கிடக்கும், அல்லது திரும்பி வந்திருக்காது, அவசரத்துக்கு வீட்டுவாளியை எடுத்துவிடுவார்கள். கதை திரும்ப அந்த ஒருநாள் போதும்.

துணிக்கு வருவோம். கதை எண்பதுகளில் நடந்தால் சலவைக்குறியை விடாதீர்கள். சேங்கொட்டைப் பாலால் துணியின் ஓரத்தில் வீட்டுக்கு ஒரு குறி போடுவார்கள். எத்தனை வெள்ளாவி கண்டாலும் அந்தக் கறுப்பு போகாது. எந்தக் குறி எந்த வீடு என்பது துவைக்கிறவருக்கு மட்டும் தெரியும். கதை இன்றைக்கு என்றால் கொடியைப் பாருங்கள். வயசான அம்மா தனியாக இருக்கிற வீட்டுக் கொடியில் கைலி காய்ந்தால் அது ஒரு முழுக் காட்சி, வசனமே வேண்டாம். அதனால்தான் விவரமானவர்கள் கைலியைச் சேலைக்குள் போட்டுக் காயவைப்பார்கள். அப்படிக் காய்ந்த கைலியில் ஈரவாடை நிற்கும். அதையும் எழுதலாம்.

சேதி அனுப்புவதில் புரொவென்சானோ பழைய ஆள். போனைத் தொடவே மாட்டார். டைப்ரைட்டரில் சின்னச் சின்னத் துண்டுச்சீட்டு அடித்து, மடித்து மடித்து விரல்நுனி அளவாக்கி, செலோடேப் சுற்றி அனுப்புவார். அந்தச் சீட்டுக்கு இத்தாலியில் ‘பித்சினி’ என்று பேர். ஆட்களின் பேரை எண்ணாக மாற்றுவார்: அகரவரிசையில் அந்த எழுத்துக்கு என்ன எண்ணோ அதோடு மூன்றைக் கூட்டு. ஏ என்றால் 4, பி என்றால் 5. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உடைத்துவிடக்கூடிய பூட்டு அது. ஆனாலும் பல வருஷம் காப்பாற்றியது. காரணம், பூட்டு பலமில்லை என்றாலும் சீட்டைச் சுமந்த கைகள் பலமாக இருந்தன. அந்த வீட்டில் பிடித்தபோது டைப்ரைட்டரும் சீட்டுகளும் அடிக்கோடிட்ட பைபிளும் கிடைத்தன.

இதை அப்படியே தூக்கிவந்து நெல்லைத் தாதா கையில் டைப்ரைட்டரைக் கொடுத்தால் ஒட்டாது. நம் ஊருக்கு அதைவிட மேலான ஏற்பாடு உண்டு. மேலப்பாளையம் கால்நடைச் சந்தை செவ்வாய்க்கிழமை கூடும். அங்கே தரகர்கள் துண்டை விரித்துக் கையை மறைத்து, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் இரண்டு கைக்கு மட்டும் தெரியும். எத்தனையாம் தேதி, எத்தனை மணி, எத்தனை ஆள் என்று எல்லாமே எண்தானே. போலீஸ் மஃப்டியில் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருக்க, துண்டுக்குள் சேதி போய்விடும். ஏதாவது தாளைப் பிடுங்கிப் படித்தால் முடிந்துபோகும் காட்சியைவிட இதில் கனம் அதிகம்.

போன் இல்லாமல் இந்தக் காலத்துப் படம் எடுக்க முடியாது என்பார்கள். எடுங்கள், ஆனால் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி மினுக் மினுக்கென்று நகர்வதை விட்டுவிடுங்கள். சி.டி.ஆர். என்பது யார் யாரை எப்போது எத்தனை நொடி அழைத்தார்கள், எந்த டவர், எந்தக் கருவி எண் என்ற பட்டியல். பேசியது அதில் இருக்காது. டவரின் ஒரு பக்கம் என்றால் சுமார் 120 பாகை விரிந்த ஒரு விசிறி. ராதாபுரம் பக்கத்து வெட்டவெளியில் அந்த விசிறிக்குள் நாலைந்து ஊர் அடங்கும். ஆள் மாட்டுவது சின்னத் தப்பில்தான்: சிம்மை மாற்றுவான், போனை மாற்ற மாட்டான். புது சிம்மும் பழைய கருவி எண்ணோடு பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒட்டுக்கேட்க வேண்டுமானால் உள்துறைச் செயலாளரின் உத்தரவு வேண்டும். அது 60 நாள் செல்லும், நீட்டித்தாலும் மொத்தம் 180 நாள்தான். இன்ஸ்பெக்டர் நினைத்தவுடன் ஹெட்போனை மாட்டிக்கொள்ள முடியாது.

நாலாவது கயிறு மருந்து. பெரிய தலைகள் பலரை அசைத்தது அதுதான். புரொவென்சானோ 2003இல் வேறு பேரில் பிரான்சுக்குப் போய் மார்செய் பக்கம் புராஸ்டேட் அறுவை செய்துகொண்டார், தடம் விழுந்தது. அவருக்குப் பின் தேடப்பட்ட மாஃபியா தலைவர் மத்தேயோ மெஸ்ஸினா தெனாரோ 30 வருஷம் மறைந்திருந்து, 2023 ஜனவரி 16ஆம் தேதி பலேர்மோவில் ஒரு தனியார் மருத்துவமனை வாசலில் பிடிபட்டார். வேறொருவர் பேரில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்தார். இன்ன நோய், இன்ன வயசு, இன்ன அறுவை என்று நோயாளிப் பட்டியலைச் சலித்துத்தான் அந்தப் பேரை எடுத்தார்கள். நம் பக்கத்தில் வீரப்பன்: காட்டைவிட்டு வெளியே வந்தது கண் வைத்தியத்துக்காக. 2004 அக்டோபர் 18 இரவு தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே அவரை ஏற்றிவந்த ஆம்புலன்சே அதிரடிப்படையின் வண்டி.

நெல்லைக் கதைக்குச் சர்க்கரை நோய் போதும். இன்சுலின் குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். திறந்த குப்பி முப்பது டிகிரிக்குக் கீழே இருந்தால் நாலு வாரம் தாங்கும். வைகாசியில் திசையன்விளைப் பக்கம் ஓலைக்குடிசைக்குள் முப்பது டிகிரி எங்கே? மண்பானைக்குள் பானை வைத்து, நடுவே ஈரமணல் போட்டுக் காப்பாற்றலாம். ஆனால் மணலைத் தினம் இரண்டு தடவை நனைக்க ஆள் வேண்டும். இல்லையென்றால் ஐஸ் வேண்டும். குளத்தில் மீன் இல்லாத மாதத்தில் ஐஸ் வாங்குகிறவனை யாரும் கேட்காமல் விடமாட்டார்கள். வெயிலில் வீரியம் போன இன்சுலினைப் போட்டுக்கொண்டு, போட்டும் குறையவில்லையே என்று மயங்கிக் கிடக்கும் தாதாவை எழுதுங்கள். எதிரியின் அருவாளைவிட அது அவனுக்குப் பயம்.

இனி நிலம். தாமிரபரணிக் கரைப் பக்கம், அம்பாசமுத்திரத்திலிருந்து சேரன்மாதேவி வரை, வயலும் வாழையும். வாழைத்தோப்புக்குள் பத்தடிக்கு மேல் கண் போகாது. ஒளிய நல்ல இடம், ஆனால் காய்ந்த சருகு காட்டிக்கொடுக்கும், மெதுவாக நடக்கவே முடியாது. தண்ணீர் பாய்ச்சும் முறை வருகிற இரவில் எத்தனை பேர் நடமாடினாலும் சந்தேகம் வராது, அதனால் ஆளை இடம் மாற்றுவது அன்றைக்குத்தான். நாங்குநேரியிலிருந்து தெற்கே போனால் கதை தலைகீழ். உடைமரமும் பனையும் தேரி மணலும், கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. ஒளிந்திருப்பவன் வருகிறவனை ஒரு மைல் தள்ளியே பார்த்துவிடுவான். போலீஸ் எங்கே நின்று பார்ப்பது? மஃப்டியில் போய் டீக்கடையில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் விசாரணை ஆரம்பித்துவிடும்.

“யாரு ஊருவே?”

“கோயிலுக்கு வந்தோம் அண்ணாச்சி.”

“எந்தக் கோயிலு? கொடை முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சுல்லா.”

அத்தோடு அந்தப் போலீஸ்காரர் எழுந்து பஸ் ஏற வேண்டியதுதான். இந்த மண்ணில் கேள்வி கேட்காமல் விடப்படும் வெளியாள் யார் என்று யோசித்துப் பாருங்கள். காற்றாலை மெயின்டனன்ஸ் ஜீப். ஹெல்மெட், கயிறு, டூல்பாக்ஸ் என்று மாதாமாதம் வேற வேற பையன்கள் வருவார்கள், கோபுரத்தில் ஏறுவார்கள், இறங்கிப் போவார்கள். வள்ளியூரிலிருந்து பணகுடி தாண்டி வரை அந்தக் கோபுரங்கள்தான். அந்த உச்சியிலிருந்து பார்த்தால் எந்தக் குடிசையில் எத்தனை மணிக்குப் புகை வருகிறது என்பதுவரை தெரியும்.

இன்னொன்று பங்குனி உத்திரம். மும்பையில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும் அன்றைக்கு நெல்லைக்காரன் தன் சாஸ்தா கோயிலுக்கு வந்துவிடப் பார்ப்பான். தனிப்படைக்கும் அது தெரியும். புத்தியுள்ள தாதா வரமாட்டான். ஆனால் அவன் பேரில் ஒரு பொங்கல் பானை பொங்கும். குடும்பத்துக்கு இத்தனை பானை என்று கணக்கு இருக்கும்போது, கூடுதலாக ஒரு பானைக்கு அரிசி போட்டது யார், இறக்கிய பிறகு அந்தப் பானை எந்த வண்டியில் ஏறிற்று என்று பார்க்கிற ஒரு கான்ஸ்டபிளை எழுதினால், ஆயிரம் பேர் கூட்டத்துக்குள் வேட்டை நகரும்.

சுமக்கிறவர்கள் ஏன் சுமக்கிறார்கள் என்பதற்கு ஒரே பதிலை எழுதிவிடாதீர்கள். 1920களில் இந்தப் பக்கத்து மலையடிவாரங்களில் போலீசுக்குத் தண்ணி காட்டிய ஜம்புலிங்கத்தை ஊர் கதைப்பாடலாகப் பாடி வைத்திருக்கிறது. பயத்தில் மட்டும் பாட்டு பிறக்காது. பிள்ளை கல்யாணத்துக்கு உதவியவன், எல்லைத் தகராறைத் தீர்த்துவைத்தவன், சொந்தக்காரன், சொன்னதைக் கேட்காவிட்டால் வெட்டுகிறவன் என்று ஒரே ஆளுக்கு நாலு முகம் இருக்கும். தூக்குவாளியைத் தூக்குகிற பொம்பளை அந்த நாலில் எந்த முகத்துக்காக நடக்கிறாள் என்பதை அவள் வாயால் சொல்லவைக்கக் கூடாது. அதேபோல ஒரு சாதியையே தாதாவின் படையாகக் காட்டுவது எளிது. அது பொய், அதோடு நம் ஊரில் அது ஆளைக் கொல்லும் பொய். வில்லனின் பேரிலும் கைக்கயிற்றின் நிறத்திலும் சுவரில் மாட்டிய படத்திலும் கவனமாக இருக்க வேண்டும்.

போலீஸ் பக்கத்தில் தவறுகிற இடங்கள் சில. தோளில் மூன்று நட்சத்திரமும் சிவப்பு நீலப் பட்டையும் இருந்தால் இன்ஸ்பெக்டர், பட்டை இல்லாமல் மூன்று நட்சத்திரம் என்றால் டி.எஸ்.பி. கதை 2024 ஜூலை 1க்கு முன் நடக்கிறதா பின் நடக்கிறதா என்று முதலில் தீர்மானியுங்கள். முன் என்றால் பழைய குற்றவியல் சட்டங்களான இ.பி.கோ., சி.ஆர்.பி.சி. பின் என்றால் அவற்றுக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ். புதுச் சட்டத்தில் சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும், ஏட்டு ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது இப்போது காட்சியின் பகுதி. பிடித்த ஆளைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஸ்டேஷனில் வில்லன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு அழுவதோடு வழக்கு முடியாது. போலீசிடம் சொன்ன வாக்குமூலம் செல்லாது, அதைக் கொண்டு ஒரு பொருளைக் கண்டெடுத்தால் அந்தப் பகுதி மட்டும்தான் நிற்கும். பறிமுதல் மகஜரில் கையெழுத்துப் போட கிராம நிர்வாக அலுவலரும் தலையாரியும் தூக்கக் கலக்கத்தோடு வந்து நிற்பார்கள். அவர்களையும் காட்டுங்கள், பிற்பாடு நீதிமன்றத்தில் பிறழ்வது அவர்களாகவும் இருக்கலாம்.

பிடித்த பிறகு வரும் முதல் மணி நேரத்தை யாரும் எழுதுவதில்லை. சிசிலியில் இன்னொரு மாஃபியா தலைவரான தோத்தோ ரீனாவை 1993 ஜனவரி 15ஆம் தேதி பலேர்மோ தெருவில் பிடித்தார்கள். அவர் குடும்பத்தோடு இருந்த வீட்டை உடனே சோதனை போடாமல், கண்காணிப்பையும் எடுத்துவிட்டார்கள். 18 நாள் கழித்துப் போனபோது வீடு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. தாளெல்லாம் போய்விட்டது. கைவிலங்கு மாட்டியதும் படம் முடிகிறது என்று நினைப்பவர்கள் அந்த 18 நாளைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

படமெடுக்கிறவர்களுக்கு: தொலைவிலிருந்து பார்க்கிற காட்சிக்கு 400 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால், காலை ஒன்பதரைக்கு மேல் தேரியில் கானல் எழும்பி ஆள் முகம் தண்ணீரில் தெரிவதுபோல் ஆடும். ஆறேகாலுக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள், மறுபடி நாலரைக்குமேல். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மைக்கைத் தின்றுவிடும், பஞ்சு உறை மட்டும் போதாது, மைக்கைச் சுற்றி ஒரு கூடும் அதன் மேலே ரோம உறையும் வேண்டும். வாழைத்தோப்புக்குள் தோலெல்லாம் பச்சை அடிக்கும். இலைக்கு மேலே வெள்ளைத்துணி கட்டி வெளிச்சத்தை அதன்வழி இறக்கினால் சரியாகும். அந்தத் தூக்குவாளியை மட்டும் புதுசாக வாங்காதீர்கள். அடி நசுங்கி, கைப்பிடி ஒரு பக்கம் லூசாகி, நடக்கும்போது கிணுங்குகிற வாளியாக ஒரு வீட்டிலிருந்து கேட்டு வாங்குங்கள். இருட்டில் ஆள் தெரியாவிட்டாலும் அந்தக் கிணுக்கம் கேட்கும்.

அந்த வாளி கடைசியில் நீதிமன்றத்துக்கு வரும். சீட்டு ஒட்டி, அரக்கு வைத்து, சான்றுப் பொருள் ஒன்று என்று மேசையில் இருக்கும். தேடப்படும் ஆளுக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றம், பழைய சட்டத்தில் 212, 216, புதுசில் 249, 253. ஆனால் கணவனுக்கு மனைவியோ மனைவிக்குக் கணவனோ கொடுத்த அடைக்கலம் இதில் வராது. சமைத்த மனைவியை விட்டுவிடுவார்கள். அதே சோற்றைக் கொண்டுபோய்க் கொடுத்த அம்மாவுக்கோ மதினிக்கோ அந்த விலக்கு கிடையாது. அரசு வக்கீல் வாளியைக் கவிழ்த்து, புளிக்கறை ஏறிய புள்ளியெழுத்தை வாசிக்கச் சொல்வார். கூண்டில் நிற்கிற மதினி கண்ணாடியைத் தேடி மடியைத் தடவுவாள். அது அவள் கல்யாணத்துக்கு அவள் அப்பா வெட்டிக் கொடுத்த பேர்.